உடம்பு ஏறாத கவலை: நீலகிரிப் பையன்களும் சாப்பாட்டுக் கோளாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நீலகிரியில் சுகாதாரப் பணியில் இருப்பவள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கும், கேட்கத் தயங்கிப் பாதியில் விட்ட கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மலையில் சிறு எண்ணிக்கையில் வாழும் சமூகங்களின் ஆண்பிள்ளைகள், அவர்கள் உடம்பைப் பார்த்து மற்றவர்கள் பேசும் பேச்சு, அந்தப் பேச்சு அவர்கள் சாப்பாட்டை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் விஷயம். சாப்பாட்டுக் கோளாறு என்று நான் சொல்வது செரிமானக் கோளாறை இல்லை, மனதில் தொடங்கிச் சாப்பிடும் முறையையே கெடுக்கும் நோயை. இதை வாசித்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம்.

சாப்பாட்டுக் கோளாறு வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வருவதுதானே? ஆம்பளைப் பையனுக்கு எங்கிருந்து வரும்?

வரும். இந்த நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்றிலேயே ஒரு பையன் இருக்கிறான். 1689இல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் சாப்பாட்டை வெறுத்து உருகிப்போன இருவரைப் பற்றி எழுதினார். ஒருவர் இளம்பெண். மற்றவன் 16 வயதுப் பையன், ஒரு பாதிரியாரின் மகன். அதற்குப் பிறகு மருத்துவ உலகம் அந்தப் பையனை மறந்தேவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், சாப்பாட்டை ஒதுக்கி உடம்பை உருக்கும் அனோரெக்ஸியா என்ற இந்த நோயின் அடையாளங்களில் ஒன்றாக மாதவிடாய் நிற்பது 2013 வரை இருந்தது. நோயின் இலக்கணத்தையே பெண் உடம்பை வைத்து எழுதியிருந்தார்கள்.

நோயைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கேள்வித்தாள்களும் அப்படித்தான். தொடை பெருத்திருக்கிறதா, இடுப்பு பெருத்திருக்கிறதா என்று கேட்கும். நம் பையனிடம் அதைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். தோள் ஏறவில்லை, கை குச்சியாக இருக்கிறது, மார்பு தட்டையாக இருக்கிறது என்று அவன் தூங்காமல் கிடப்பதை அந்தத் தாள் கேட்காது. தசை மீதான ஏக்கத்தை அளக்கும் ஒரு கேள்வித்தாளே 2000இல்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி வெள்ளையின இளம்பெண்களைப் பற்றியது. சிறுபான்மை இன ஆண்களைப் பற்றிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பின்னால்தான் வந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு. இனத்தைச் சொல்லி இழிவாக நடத்தப்பட்ட அனுபவம் அதிகம் உள்ளவர்களிடம் உடம்பின் மீது வெறுப்பும், கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவதும் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் மலைக்கு வேண்டிய செய்தி இது.

மலையில் எல்லாருமே மலைக்காரர்கள்தானே, இதில் சிறுபான்மை யார்?

தமிழ்நாடு முழுவதற்குமாக மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருப்பவை ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர். படுகர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள், ஆனால் மலையை விட்டு இறங்கினால் அவர்கள் மொழியை அறிந்தவர் அரிது. அப்புறம், இலங்கையிலிருந்து திரும்பி வந்த எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, அங்கிருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டங்கள் இங்கே போடப்பட்டன. பின்னாளில் அவை டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. நாங்கள் பேசுவது தமிழ், தாத்தா ஊர் தமிழ்நாடு, ஆனாலும் பள்ளிக்கூடத்தில் "சிலோன்காரன்" என்ற பெயர் மூன்றாம் தலைமுறைக்கும் போகவில்லை.

இத்தனை பேருக்கும் ஒரே கதை கிடையாது. நிலம் உள்ள படுகர் வீட்டுப் பையனின் நிலையும், கூலிக்குப் போகும் பணியர் வீட்டுப் பையனின் நிலையும் வேறு வேறு. ஆனால் கோயம்புத்தூர் விடுதியில் இருவருக்கும் கிடைக்கும் பட்டப்பெயர் ஒன்றுதான்.

கேலி எல்லா இடத்திலும் உண்டு. அதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைத்தான் அப்பாக்கள் அதிகம் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சிறிய சமூகத்திலிருந்து பெரிய சமூகத்துக்குள் போகிறவனுக்குப் பேச்சு, உடை, சாப்பாடு, சாமி எல்லாவற்றிலும் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தினமும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கனடாவின் உளவியலாளர் ஜான் பெர்ரி இந்த இழுபறியைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறார். மொழியைப் பழகிக்கொள்ளலாம், சட்டையை மாற்றலாம். நிறத்தையும் உயரத்தையும் முடியின் சுருளையும் மாற்ற முடியாது. ஆனால் எடையை மாற்றலாம், தசையை ஏற்றலாம் என்று விளம்பரமும் கைபேசியும் சொல்கின்றன. தன் கைக்குள் இருப்பதாகத் தோன்றும் அந்த ஒன்றைப் பையன் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.

உடம்பை அளந்து ஆளை மதிப்பிடுவது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோல்களோடு இங்கே வந்து, தோடர், கோத்தர், படுகர், பணியர் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து பட்டியல் போட்டார். இன்றைக்கு ஊட்டிக்கு வரும் சுற்றுலாப் பயணி தோடர் இளைஞனிடம் அவர்களுடைய பூவேலைச் சால்வையான புத்துக்குளியைப் போர்த்திக்கொண்டு நில், போட்டோ எடுக்க வேண்டும் என்கிறான். கீழே விடுதியில் "காட்டான்", "கருவாயன்", "தேவாங்கு", "நோஞ்சான்". நம் வீட்டிலும் சும்மா இருக்கிறோமா? லீவுக்கு வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி "என்னடா இப்படி எலும்பாப் போயிட்ட" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். கேலியைக் கேட்டுக் கேட்டு நொந்தவனுக்கு அதுவும் இன்னோர் அளவெடுப்பு.

சாப்பாடே அடையாளம் ஆகிவிடுகிறது. ராகிக் களியைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று சோற்றுக்கு மாறுகிறான். அப்புறம் சோறு தொப்பை போடும் என்று அதையும் விடுகிறான். எங்கள் வீடுகளில் ரொட்டி, சம்பல், தேத்தண்ணி என்று வளர்ந்த பிள்ளை அந்தச் சொற்களையே வெளியே சொல்வதில்லை. ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் எதைச் சாப்பிட்டாலும் குற்ற உணர்ச்சி வரும் இடத்துக்குப் போய் நிற்கிறான்.

என் மகன் ஒல்லியாக வேண்டும் என்று நினைக்கவில்லை. உடம்பை ஏற்றத்தான் பாடுபடுகிறான். இது எப்படி நோய் ஆகும்?

ஆண்களிடம் இந்தக் கோளாறு பல சமயம் இந்த முகத்தோடுதான் வருகிறது. அமெரிக்காவில் ஹாரிசன் போப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களில் உடற்பயிற்சிக் கூடங்களில் சில ஆண்களைக் கவனித்தார்கள். மலை மாதிரி உடம்பு, ஆனால் தான் சின்னதாக, நோஞ்சானாக இருக்கிறேன் என்று உறுதியாக நம்பினார்கள். முதலில் இதை அனோரெக்ஸியாவின் தலைகீழ் வடிவம் என்றே அழைத்தார்கள். 1997இல் தசை பற்றிய உடல் பிறழ்வு என்ற பெயர் வந்தது. 2013 கையேட்டிலும் அதற்கு இடம் கிடைத்தது.

நான் பார்த்த ஒரு சமையற்கட்டைச் சொல்கிறேன். காலையில் ஆறு முட்டை வேகிறது. பையன் ஒவ்வொன்றாக உரித்து, இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவைக் கரண்டியால் நோண்டி ஒரு டம்ளரில் போடுகிறான். வெள்ளையை மட்டும் உப்பில்லாமல் விழுங்குகிறான். தங்கை அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா கொழுந்து பறித்த கூலியில் வாங்கிய முட்டை. "சோறு போடட்டுமாப்பா" என்று கேட்டதும் அவன் முகம் இறுகிப்போகிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, கண்ணாடி முன்னால் போய்ப் பனியனைத் தூக்கிப் பார்க்கிறான். அண்ணன் கல்யாணத்துக்குக்கூட அவன் வரவில்லை. அங்கே பிரியாணி போடுவார்கள், அன்றைக்குப் பயிற்சி தவறும் என்பதுதான் காரணம்.

முட்டை வெள்ளை சாப்பிடுவதில் தவறில்லை. ஒரு வேளை திட்டம் பிசகினால் அந்த நாளே போச்சு என்று அவன் நடுங்குகிறானா, வீடு, நட்பு, படிப்பு ஒவ்வொன்றாகக் கழன்று போகிறதா என்று பாருங்கள்.

அப்படியென்றால் ஜிம்முக்கே அனுப்பக் கூடாதா?

அனுப்பலாம். காய்ச்சலோ காயமோ வந்தாலும் ஒரு நாள்கூட விட முடியவில்லை என்றால் மட்டும் கவனியுங்கள்.

புரோட்டீன் பவுடருக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 0.8 கிராம் புரதம் போதும். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 1.6 கிராம் வரை. 60 கிலோ பையனுக்கு அதிகபட்சம் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு முழு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அவரை, கொள்ளு, நிலக்கடலை, பால், கோழி, மீன் எல்லாம் நம் சந்தையில் கிடைக்கிறது.

மருந்துக் கடையில் உடம்பு ஏற மாத்திரை தருகிறார்கள். இரண்டு மாதத்தில் கன்னம் உப்பிவிட்டது. நல்லதுதானே?

கன்னம் உப்பியது சதையால் இல்லை. சீட்டில்லாமல் கொடுக்கும் இந்தப் பொட்டலங்களில் பெரும்பாலும் இரண்டு மாத்திரை இருக்கும். ஒன்று சைப்ரோஹெப்டடின், இது பசியைக் கூட்டும், தூக்கத்தையும் கூட்டும். மற்றது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இது முகத்தில் நீரும் கொழுப்பும் சேர்க்கும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பைக் கரைக்கும், கை கால் தசையைக் கரைக்கும். தசைக்கு ஆசைப்பட்டவனுக்கே தசை போகும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தானே சுரக்க வேண்டிய ஹார்மோன் வராமல் மயக்கம், வாந்தி, உயிராபத்து வரை போகலாம். ஆகவே தூக்கி எறிய வேண்டாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

ஜிம்மில் போடும் ஊசி வேறு வகை ஸ்டீராய்டு. டெஸ்டோஸ்டிரோன் இனத்தைச் சேர்ந்தது. தசை ஏறும். கூடவே விதை சுருங்கும், விந்தணு குறையும், மார்பில் பெண்களுக்குப் போல் சதை வைக்கும், இதயமும் ஈரலும் கெடும், கோபம் தலைக்கேறும். நிறுத்தியபின் மாதக்கணக்கில் மனம் சோர்ந்து கிடப்பவர்கள் உண்டு. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை.

நிறம் வெளுக்க என்று தரும் களிம்பிலும் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியும்.

எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ஒரு வேளைச் சாப்பாடே பாடு. பசியில் வாடுகிறவனுக்கு இந்த நோயெல்லாம் வருமா?

வேலை இல்லாமல் அரிசி குறைந்து வயிறு காய்வது நோய் ஆகாது. அதற்கு மருந்து ரேஷனும் கூலியும்தான். அதை மனநோய் என்று யாராவது எழுதினால் ஏற்காதீர்கள்.

ஆனால் பசி மனதையும் மாற்றும். 1944 – 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்துப் பார்த்தார். எடையில் கால் பங்கு போயிற்று. அதைவிட முக்கியம் மனதில் நடந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். மறுபடி வயிறாரச் சாப்பாடு கொடுத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. அவர்களுக்கு எந்த மனநோயும் இருந்ததில்லை, பட்டினி மட்டுமே காரணம்.

2017இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தில், உணவு வங்கியில் வரிசையில் நிற்கும் ஏழைகளிடம் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. வீட்டில் உணவுத் தட்டுப்பாடு கூடக் கூட, கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவதும் அதற்குப் பிறகு வாந்தி எடுப்பதும் கூடியது. அங்கே வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சிறுபான்மை இனத்தவர்கள். கூலி வந்த சனிக்கிழமை ஒரேயடியாகத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்கும் பையனை நினைத்துப் பாருங்கள். அவனைப் பெருந்தீனிக்காரன் என்று திட்டிப் பயனில்லை. சிறிதாக இருந்தாலும் வேளை தவறாமல் சாப்பாடு கிடைக்கும்படி செய்வதுதான் முதல் சிகிச்சை.

"வயிறு மந்தமா இருக்கு, பசிக்கல" என்று மட்டும் சொல்கிறான். எடை குறைந்துகொண்டே வருகிறது. குண்டாகிவிடுவேன் என்ற பயமெல்லாம் அவனுக்கு இல்லை.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் காரணமில்லாமல் இளைத்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை, சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., குடல் புழு, குடிப்பழக்கம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

எல்லாம் சரியாக இருந்தும் சாப்பிட முடியவில்லை என்றால், அப்போதும் சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் 70 அனோரெக்ஸியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் குண்டாகிவிடும் பயமே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றுதான் சொன்னார்கள். மேற்கத்தியப் பாடப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அவர்களை நோயாளிகள் என்றே சொல்லியிருக்க முடியாது. மனதில் பட்ட அடியை வயிறாகச் சொல்வது நமக்கும் பழக்கம்தானே.

மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டினி கிடக்கும் உடம்பு எப்போதும் குளிரும், கை கால் சில்லிட்டிருக்கும். ஊட்டியில் குளிருது என்று சொன்னால் யார் கவனிப்பார்கள்? ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின், தலையில் மங்கிக் குல்லா. மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே வந்த பிள்ளையை, குளித்துவிட்டு வரும்போதுதான் அம்மா பார்க்கிறார். சந்தேகம் இருந்தால் எடைக்கருவியில் மெல்லிய உடையோடு நிற்கச் சொல்லுங்கள்.

பணியர், இருளர், குறும்பர் பிள்ளைகளுக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆமாம், அரிவாள் செல் நோய். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இந்த நோய் உள்ள பிள்ளை இயல்பாகவே மெலிந்திருப்பான், வளர்த்தி தாமதமாகும், சீக்கிரம் களைத்துப்போவான். நோஞ்சான் என்று கேட்டுக் கேட்டு, தன் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று அவனே நம்பிவிடுகிறான். பிறகு யாருக்கும் சொல்லாமல் ஜிம்மில் சேருகிறான். தசைக்கோடு தெரிய வேண்டும் என்று சிலர் தண்ணீரைக் குறைப்பார்கள், அதை இவனும் செய்வான். உடம்பில் நீர் வற்றுவது, குளிர், அளவுமீறிய களைப்பு, இந்த மூன்றும் அரிவாள் செல் வலியைக் கிளப்பிவிடும் காரணங்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நோய் இல்லாமல், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் கூறு வந்தவர்கள்கூட, தண்ணீர் குடிக்காமல் கடுமையாக ஓடிச் சுருண்டு விழுந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு.

அரிவாள் செல் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் 2023இல் தொடங்கியது. ரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. பயிற்சியில் சேருமுன் அதைச் செய்துவிடுங்கள். நோய் இருந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவுக்குள் உடற்பயிற்சி செய்யலாம்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விரதம் இருக்கிறான். அதைத் தடுக்க வேண்டுமா?

விரதத்தைத் தடுக்க வேண்டாம். மாலை கழற்றிய பிறகும் விரதம் முடியவில்லை என்றால் பேசுங்கள்.

எனக்கே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1999இல் பிரிட்டன் மருத்துவர்கள் ஐந்து கேள்விகள் போட்டார்கள். நம் பேச்சில் சொல்கிறேன். வயிறு நிறைந்துவிட்டதே என்று சங்கடப்பட்டு நீங்களே வாந்தி எடுப்பதுண்டா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கை மீறிப் போய்விட்டதாகக் கவலையா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் இளைத்தீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போது நீங்கள் குண்டு என்று நம்புகிறீர்களா? சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை ஆட்டிப்படைக்கிறது என்று சொல்வீர்களா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஆண்களுக்காக நான் இன்னும் சில கேட்பேன், இவை என் அனுபவத்திலிருந்து வருபவை. சட்டை இல்லாமல் நிற்க வேண்டி வரும் என்பதால் ஆற்றுக்கோ விளையாட்டுக்கோ போகாமல் இருக்கிறீர்களா? ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடி பார்க்கிறீர்கள்? என்ன மாத்திரை, என்ன ஊசி? காலையில் ஆணுறுப்பு விறைப்பது நின்றுவிட்டதா? கடைசிக் கேள்வியைக் கேட்க நர்ஸுகளே கூச்சப்படுகிறார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதைப் போல, பட்டினியால் ஆண் ஹார்மோன் குறைந்ததற்கு அது ஓர் அடையாளம். எலும்பு பலவீனமாவதும் அதோடு சேர்ந்து நடக்கும். அப்புறம், உங்கள் உடம்பைப் பற்றி முதலில் மோசமாகப் பேசியது யார், எங்கே? இந்தக் கேள்விக்குத்தான் பையன்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

எப்போது அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

மயங்கி விழுந்தால், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 40க்குக் கீழே போனால், நெஞ்சு வலித்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், காலில் வீக்கம் கண்டால், சாக வேண்டும் என்று பேசினால் 108க்கு அடியுங்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து இதயம் திடீரென நின்றுவிடும் ஆபத்து உண்டு. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகவே இருப்பார்.

பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு ஒரே நாளில் வயிறு முட்டச் சோறு போடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று குறைந்து இறந்துபோகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாமிலிருந்து மீண்டவர்கள் பலர் அப்படித்தான் இறந்தார்கள். மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது?

சாப்பிடும் நேரத்தில் எடுக்காதீர்கள். அடுப்படியில் குளிர் காயும்போதோ, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். உடம்பை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "தம்பி, நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. ராத்திரி தூங்குறதும் இல்ல. என்னமோ உன்னைப் போட்டு வாட்டுது. என்னன்னு தெரிஞ்சா நானும் கூட நிப்பேன்." முதல் தடவை "ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் வரும். விடாமல் நச்சரிக்கவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

அப்பாக்களுக்கு ஒன்று. "நாங்க எல்லாம் கஞ்சி குடிச்சே மூட்டை தூக்கினோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் பட்ட கஷ்டம் உண்மை. அவன் காதில் அது, நீ என்னை மாதிரி ஆம்பளை இல்லை என்றுதான் விழும். கல்லூரியில் உங்களையோ உங்கள் சமூகத்தையோ யாராவது கேவலமாகப் பேசினார்களா என்று நேராகவே கேளுங்கள். நடந்திருந்தால், சகித்துக்கொள் என்று சொல்லாமல் கல்லூரியில் புகார் கொடுக்கத் துணை நில்லுங்கள்.

எங்கே போவது, என்ன சிகிச்சை?

14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நேரில் என்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான நிலை என்றால் கோயம்புத்தூருக்கோ, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

பள்ளி வயதுப் பிள்ளை என்றால், கொஞ்ச காலம் பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு கூட உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைக்கும் குடும்பச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. கூட்டுக் குடும்பமாக, ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நாலு வீடு சேர்ந்து வாழும் நமக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். பெரியவர்களுக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை உண்டு. அதில் முதல் படி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடாமல் சாப்பிடுவது. காலையில் ரொட்டியோ களியோ, பத்து மணி டீயோடு சுண்டல், மதியம் சோறும் பருப்பும் கீரையும், நாலு மணிக்குக் கடலை, ராத்திரிச் சாப்பாடு. சுலபமாகத் தெரியும். பயம் பிடித்தவனுக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு மலையேற்றம். வாந்தி எடுக்கும் கோளாறுக்கும் கூடவே வரும் மனச்சோர்வுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் சொன்னால் தயங்காமல் சாப்பிடலாம். பெரும்பாலோர் தேறுகிறார்கள், மாதங்கள் பிடிக்கும், நடுவில் சறுக்கும்.

மனநல மருத்துவரிடம் போனது லைனில் தெரிந்தால் கல்யாணம் நடக்காதே?

இந்தப் பயம் நியாயமானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால், உங்கள் ஊர்க்காரரோ உறவினரோ வேண்டாம், உங்கள் மொழி பேசும் வேறு ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வேண்டும் என்று கேளுங்கள். பணிய மொழியிலோ காட்டுநாயக்க மொழியிலோ யோசிப்பவன் வெட்கத்தைத் தமிழில் சொல்லத் திணறுவான். அவனைப் பேசாதவன் என்று எழுதிவிடுகிறார்கள். தன் மொழியில் கேட்டால் கொட்டிவிடுவான்.

போலீஸ் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. மார்பளவு 79தான் வருகிறது. பச்சை முட்டை, வாழைப்பழம், தண்ணீர் என்று திணிக்கிறேன். வேறு வழி உண்டா, அக்கா?

தம்பி, இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்களிடம் கேட்பது சாதாரண மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் கூடுதலாக 5 செ.மீ. உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. அளவு நாளில் நாடாவைப் பிடித்து நிற்பவர் முன்னால் எத்தனை பேர் நடுங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாழைப்பழமும் தண்ணீரும் வயிற்றைத்தான் உப்ப வைக்கும், நாடா சுற்றுவது நெஞ்சை. லிட்டர் கணக்கில் ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம், ஆகவே அதை இன்றே நிறுத்து. பச்சை முட்டையையும் நிறுத்து, வேகவைத்ததில்தான் புரதம் நன்றாகச் சேரும், வயிற்றுப்போக்கும் வராது.

ஒரு மாதத்தில் தண்டால், புல்-அப்ஸ் எடுத்தால் மார்புத் தசையும் முதுகும் கொஞ்சம் விரியும். விலா விரிய ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியைக் காலையும் மாலையும் செய். தோளை ஏற்றாமல், நிமிர்ந்து நின்று மூச்சை இழுக்கப் பழகு, அளக்கும்போது நிறைய பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மூன்று வேளையும் சாப்பிடு, நடுவில் இரண்டு தடவை ஏதாவது கொறி, எட்டு மணி நேரம் தூங்கு. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வை. உன் சமூகத்துக்கு உயரத்திலும் வயதிலும் சலுகை உண்டா என்று அறிவிக்கையில் பார். பழங்குடியினருக்கு 31 வயது வரை கொடுத்திருக்கிறார்கள், உனக்கு 22தானே ஆகிறது. இந்தத் தடவை நாடா இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் அடுத்த தேர்வுக்கும் எழுது. நடுவில் மாத்திரை, ஊசி என்று யாராவது சொன்னால், வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடமோ 14416இலோ பேசு.